தண்ணீர் தூக்கும் காட்டேரி

ஆகஸ்ட் 8, வெள்ளி

காலையிலிருந்து புழுக்கம். மழை வருவதுபோல் வந்து திண்டிவனத்தை ஏமாற்றிவிட்டுப் போனது. விழுப்புரம் பாசஞ்சரைப் பிடிக்க இவர் ஓடியதில் சாப்பாட்டு டப்பா மேசையிலேயே.

வாங்க: கிரைப் வாட்டர், சோப்புத் தூள், பாப்பாவுக்குக் காதை மூடும் தொப்பி.

மத்தியானம் பாப்பா தூங்கியதும் நானும் நாத்தனார் பிரியாவும் போனில் அந்த டப்பிங் தொடர். ரத்தக்காட்டேரி ஒருவன். ஆன்மா கிடையாது. பல வருடங்களுக்கு முன் ஒருவனைக் கொன்று ரத்தம் குடித்தவன். இப்போது செத்தவனின் மனைவிக்கு, கண் தெரியாதவளுக்கு, தினமும் விடியுமுன் ஆற்றுத் தண்ணீர் கொண்டுவந்து வாசலில் வைக்கிறான். அவளுக்குத் தெரியாது.

பிரியா: "ஆன்மா இல்லன்னா குத்த உணர்ச்சியும் இருக்காதே அண்ணி. அப்புறம் இன்னாத்துக்குத் தூக்கினு போறான்? எதுனா பிளான் வச்சிருப்பான்."

அத்தை எட்டிப் பார்த்தார். "ஆடி வெள்ளியும் அதுவுமா காட்டேரி பேர வாய்ல வச்சிக்கினு."

"இது வெளிநாட்டுக் காட்டேரிம்மா" என்றாள் பிரியா.

"எந்த நாடா இருந்தா இன்னா. அவனுக்குப் படைச்சாங்களா?"

"இல்ல."

"படைக்கலைன்னா எப்பிடிடீ திருந்துவான்?"

நாங்கள் சிரித்ததில் பாப்பா எழுந்துவிட்டாள். ஆனால் என் ஏழாம் மாதத்தில் ஏரிக்கரையில் காட்டேரிக்குப் படைத்தது இதே அத்தைதான். ரத்தம் குடிப்பவளிடமே பிள்ளையைக் காக்கச் சொல்லி. அவளுக்கு ஆன்மா உண்டா என்று யாரும் விசாரிக்கவில்லை.

இங்கே மட்டும் எழுதுகிறேன். பாப்பாவுக்கு நாளையோடு நான்கு மாதம். அவளைத் தூக்கினால் எனக்குள் ஒன்றும் ஆவதில்லை. எல்லாரும் தானாக வரும் என்றார்களே, அது. பால் வருகிறது. அது வரவில்லை.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

கோயிலில் கேப்பைக் கூழ். வெயில். அத்தை பார்க்காதபோது ஒரு பிடி மல்லாட்டை, வறுத்த வேர்க்கடலை. பால் வழியாகப் பாப்பாவுக்குச் சளி பிடித்தால் நான்தான் காரணம். இரண்டு முறை நெஞ்சில் காது வைத்துக் கேட்டேன். சளி இல்லை.

பிரியா விடுவதாக இல்லை. "அது பாசமில்ல அண்ணி, பழக்கம்."

பி.எஸ்சி. விலங்கியலில் படித்தது ஞாபகம் வந்தது. ரத்தம் குடிக்கும் வௌவால், பட்டினி கிடக்கும் கூட்டாளிக்குத் தான் குடித்ததைக் கக்கி ஊட்டும். சொன்னேன்.

"உவ்வே. நான் கூழ் குடிக்க வேணாமா?"

ஆகஸ்ட் 11, திங்கள்

கடைசிப் பகுதி. துறவி ஒருவர் அவனுக்கு ஆன்மா தருகிறேன் என்கிறார். அந்த ராத்திரியே மலைக்குக் கிளம்ப வேண்டும், விட்டால் மறுபடி கிடைக்காது. அவன் யோசிக்கக்கூட இல்லை. "அவள் குடத்தில் தண்ணீர் இல்லை" என்றுவிட்டு ஆற்றுப் பக்கம் நடக்கிறான். டப்பிங் குரல் ரயில் அறிவிப்பு மாதிரி. அப்படியும் அந்த இடத்தை மறுபடி ஓட்டச் சொன்னேன். என்ன ஒரு ஆள்.

"லூசு. சான்ஸ விட்டுட்டான்" என்றாள் பிரியா.

எனக்குக் கோபம். "ஆன்மா இருக்கிறவங்களுக்கு தானா வருது, செய்யறாங்க. அதுல இன்னா பெருமை? உள்ள ஒண்ணுமே சொல்லல, அப்பவும் தெனம் எழுந்து போறான். இது அன்பு இல்லன்னா பின்ன எதுடீ அன்பு?" குரல் உடைந்துவிட்டது.

அவள் போனை நிறுத்தினாள். "அண்ணி. நீங்க அவனப் பத்தியா பேசறீங்க?"

சொல்லிவிட்டேன். எல்லாவற்றையும். அவள் மடியில் பாப்பா விரல் சப்பிக்கொண்டு.

பிரியா பாப்பாவின் விரலை வாயிலிருந்து மெல்ல எடுத்துவிட்டாள். பிறகு, "நைட்ல நாலு வாட்டி எழுந்துக்கறது யாரு?"

"நான்தான்."

"சளியான்னு நெஞ்சுல காது வச்சிக்கினு கெடந்தது?"

"நான்தான்."

"அப்ப இத்தினி நாளா கொடம் தூக்கினது யாரு அண்ணி?"

அழுதேன். அவளும். பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு, "புதன்கெழம தடுப்பூசிக்குப் போறோமில்ல, நர்சம்மாகிட்ட சொல்லுங்க. நானும் வர்றேன். அம்மாவுக்கு இப்ப தெரிய வேணாம். காட்டேரிக்குப் படைக்கணும்னு கெளம்பிடும்."

ஆகஸ்ட் 12, செவ்வாய்

தூறல். துணி காயவில்லை. தடுப்பூசி அட்டை பையில் வைத்தாயிற்று. தொப்பி வாங்கவில்லை, மறுபடியும். இவரிடம் ராத்திரி பாதி சொன்னேன். "ஏன் முன்னாடியே சொல்லல" என்றார், கையைப் பிடித்துக்கொண்டார்.

இன்றும் வரவில்லை. எண்ணெய் தேய்த்தேன், குளிப்பாட்டினேன், ஏப்பம் வரும்வரை தோளில் போட்டுத் தட்டினேன்.

நர்சம்மாவிடம் எப்படித் தொடங்குவது? "அம்மா, எனக்கு" என்று தொடங்கி

பாப்பா அழுகிறாள். போகிறேன்.