செய்தவன் சொல்லட்டும்

மேல் கணக்கு,
தெலுங்கொல்ல தோட்டம்,
நிவித்திகல.
ஞாயிறு

அன்புத் தம்பி குமாருக்கு,

அக்கா விஜயகலா எழுதுகிறேன். நாங்கள் இங்கே சுகம், நீ அங்கே சுகமா என்று தொடங்குவதுதான் மரியாதை. அம்மாவுக்கு முழங்கால் வலி, எனக்குக் கோபம், மற்றபடி சுகம். நீ இருக்கிறாயா என்று காகிதத்தில் எழுதிக் கேட்கும் நிலைக்கு எங்களைக் கொண்டுவந்துவிட்டாயே, அதுதான் கோபம். உன் நம்பருக்கு அடித்தால் ஒரு பெண் அரபியில் ஏதோ சொல்லிவிட்டு வைத்துவிடுகிறாள். சித்திரை வருஷப்பிறப்புக்குப் பேசினாய். இப்போது ஆடித் திருவிழாவும் முடிந்து கொடியிறக்கியாகிவிட்டது.

என் கடை முதலாளி ஜவ்பரின் மருமகன் ஸாஜித், லீவு முடிந்து வெள்ளிக்கிழமை கட்டாருக்குத் திரும்புகிறார். எப்படியாவது உன்னைத் தேடிப்பிடித்து இதைக் கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறார். நீ கம்பனியை விட்டுவிட்டாய் என்பதும் அவர் சொல்லித்தான் தெரியும். வெளியே வேலை செய்கிறானாம் என்றார். வெளியே என்றால் எங்கே என்று கேட்டேன். பிளேன்டியைக் குடித்துக்கொண்டே கண்ணாடி அலுமாரியைப் பார்த்தார். பாஸ்போட் யாரிடம் இருக்கிறது என்று கேட்டேன். கோப்பையை வைத்துவிட்டு எழுந்தார். பாஸ்போட்டைக் கம்பனியிடம் விட்டுவிட்டு ஒளிந்து வேலை செய்கிறாய் என்று புரிந்துகொண்டேன். அதற்காக இங்கே யாரும் உன்னைத் திட்டப்போவதில்லை. இதை மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் எழுதிவிடுகிறேன்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். போன வாரம் உன்னைத் தேடி எம்பிலிப்பிட்டியவிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். றிப்னா என்று ஒரு பிள்ளை, கூட அவளுடைய வாப்பா நிஸார். உனக்குத் தெரிந்த பெயர்தான், எங்களுக்குத்தான் புதிது. முக்காட்டுக்குள் சின்ன முகம், கையில் தயிர்ச் சட்டி. அவள் இந்தப் பக்கமே வந்ததில்லையாம். ஆனால் பஸ்ஸை விட்டு இறங்கியவள் யாரிடமும் வழி கேட்கவில்லை. பக்டரியைத் தாண்டி, காலையில் பேர் பதியும் பிரட்டுக்களத்துக்குப் பின்னால் குறுக்குப் பாதையில் ஏறி, கோயில் வளைவில் நின்று, "இங்க ஒரு பைப் இருக்கணுமே வாப்பா" என்று தேடினாளாம். அந்தப் பைப் போன மழையில் மண் சரிந்து புதைந்துவிட்டது. கொழுந்து நிறுக்கப் போன பெண்கள் இதைக் கேட்டுவிட்டு, காணி அளக்க ஆள் வந்திருக்கிறது என்று லயத்து வீடுகள் முழுக்கச் சொல்லிவிட்டார்கள்.

நீ பஸ் கேம் விளையாடுகிறாய் என்றுதான் நானும் அம்மாவும் இத்தனை வருஷம் ஏசிக்கொண்டிருந்தோம். நிவித்திகல டவுனிலிருந்து நம் லயத்து வாசல் வரைக்கும் முழு ரோட்டையும் அந்தக் கேமுக்குள் நீ கட்டி வைத்திருக்கிறாய் என்று எங்களுக்கு யார் சொன்னது? கேம் கம்பனி செய்யாததை விளையாடுகிறவர்களே செய்து சேர்ப்பதாம், மோட் என்று பெயராம். றிப்னா தன் பழைய போனில் ஓட்டிக் காட்டினாள். மாத்தறைப் பையன்களும் குருணாகல் பையன்களும் நம் மேட்டில் பஸ் ஏற்றிப் பழகினார்களாம். அம்மா போனை மூக்குக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்து, பலாமரத்தைக் கண்டுபிடித்துச் சந்தோஷப்பட்டாள். அப்புறம், "ஆளு ஒருத்தரும் இல்லையே, எல்லாரும் எங்க போயிட்டாங்க?" என்று கேட்டாள். மனிதர்களைச் செய்ய உனக்கு இன்னும் வரவில்லை என்று நீ எழுதியிருந்தாயாம். வெறும் ரோடு, வெறும் லயம், கதவெல்லாம் திறந்து கிடக்கிறது. நீ நன்றாகத்தான் செய்திருக்கிறாய். ஆனால் எனக்கு அதைப் பார்த்துக்கொண்டிருக்கப் பிடிக்கவில்லை.

ரோட்டோரத்துத் தேயிலைச் செடிகள் அந்தப் பிள்ளை செய்தவை என்பது உனக்குத் தெரியும். கேம் திறக்கும்போது உன் பெயருக்குக் கீழே அவள் பெயரையும் நீ போட்டிருக்கிறாய். முதலில் கேட்டு, அவள் சரி என்ற பிறகுதான் எடுத்தாயாம். அந்த மரியாதைக்காகத்தான் நேரில் வந்தேன் என்றாள். வீட்டில் அலுமாரியிலிருந்து என் போன் சார்ஜரைக்கூடக் கேட்காமல் எடுப்பவன் நீ. வெளியில் இத்தனை ஒழுங்கா என்று எனக்குச் சிரிப்பு வந்தது, பெருமையாகவும் இருந்தது.

அவள் வந்த காரணம் இதுதான். கேம் கம்பனி ஏதோ மாற்றியதில் புதிய போன்களில் உன் ரோடு திறப்பதில்லையாம், கறுப்பாகவே நிற்கிறதாம். அதைச் சரிசெய்ய அவளுக்குத் தெரியும். ஆனால் உன்னைக் கேட்காமல் கைவைக்க மாட்டாள். எத்தனையோ முறை எழுதியிருக்கிறாள், நீ திறந்துகூடப் பார்க்கவில்லை. செய்தவனிடமிருந்து பதில் வராவிட்டால் அதை மறுப்பாகத்தான் எடுக்கவேண்டும் என்பது உங்களுக்குள் உள்ள கட்டுப்பாடாமே. அதனால் உன் வேறு நம்பர் ஏதாவது எங்களிடம் இருக்கிறதா என்று கேட்க வந்தாள். வீட்டுக்குப் பேசாவிட்டாலும் அந்தப் பஸ் கேம் கூட்டத்துக்குள் நீ தினமும் வந்து போவாய் என்று நினைத்துத்தான் நான் இத்தனை நாள் தூங்கிக்கொண்டிருந்தேன். அங்கேயும் நீ வருவதில்லை என்று அவள் சொன்னதும் உன் நம்பருக்குத் திரும்பவும் அடித்துப் பார்த்தேன்.

அம்மாவுக்கு வீடு தேடி வந்தவர்களை வெறுங்கையோடு அனுப்பத் தெரியாது. "அவென் ஒன்னும் சொல்லமாட்டான், நீங்க எடுத்துக்கங்க" என்று தாராளமாகச் சொல்லிவிட்டாள். றிப்னா தலையைக் குனிந்துகொண்டாள். நிஸார்தான் மெதுவாக விளக்கினார். உங்கள் பேஸ்புக் பக்கத்தில் ஒரு சட்டம் இருக்கிறதாம். செய்தவர் இருக்கும்வரை அவர் சொன்னால்தான் அனுமதி. அவர் இல்லாமல் போனால் மட்டுமே வீட்டார் சொல்லலாம். அந்தக் கடைசி வார்த்தைகளை அவர் எங்கள் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். "அப்ப அவென் வந்தே சொல்லட்டும்" என்று அம்மா எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள். அவர்கள் புறப்படும்வரை ஒரு பிளேன்டி கொடுக்கவும் மறந்துவிட்டாள். அம்மா அப்படி மறந்து நான் பார்த்ததில்லை.

இதோடு முடிக்கிறேன். அந்தப் பிள்ளைக்கு ஒரு பதில் போடு.

புதன், கடையில்

முடித்து மடித்து வைத்ததைத் திரும்பத் திறந்திருக்கிறேன். எழுத்து கோணலாக இருக்கும், சிரிக்காதே. உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றுகிறது, எழுந்தால் எங்கே போவதென்று தெரியவில்லை. துணி கேட்டு வந்த ஒரு அம்மாவுக்குக் காலையில் இரண்டு முறை ஒரே சேலையைக் காட்டிவிட்டேன்.

திங்கள் சாயந்தரம் வேலை முடிந்து பஸ் ஏறினேன். கண்டக்டர் சாலி வந்தார். காசை நீட்டினேன், வாங்கவில்லை. மாற்றிக் கொடுக்கச் சில்லறை இல்லையோ என்று வேறு தாளை எடுத்தேன். "இருக்கட்டும் தங்கச்சி" என்று முன்பக்கம் போய்விட்டார். சாலி காசை விடுகிற ஆளா? எனக்கு அப்போதும் உறைக்கவில்லை. கோயில் வளைவில் வெள்ளைக்கொடி கட்டியிருந்தது. யாரோ போய்விட்டார்கள் என்று நினைத்தேன். ஏழுமலை மாமாவுக்கு நெஞ்சுவலி என்றார்களே, பாவம் அவர்தானோ என்று நடந்தேன். ஏழுமலை மாமா அவர் வாசலில் நின்றுகொண்டிருந்தார். என்னைக் கண்டதும் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்தார். கொடி அவர் வீட்டைத் தாண்டிப் போய் நம் வாசலில் முடிந்தது.

உனக்குத்தான் கட்டியிருந்தார்கள், தம்பி.

நடந்ததைச் சொல்கிறேன். ரோட் ராஜா என்று பெயர் வைத்துக்கொண்ட ஒருவன், எந்த ஊர் என்றுகூட யாருக்கும் தெரியாது, உன் ரோட்டைத் தான் செய்ததாகப் போட்டிருக்கிறான். உன் பெயரையும் றிப்னாவின் பெயரையும் எடுத்துவிட்டான். றிப்னா அவனோடு சண்டை பிடித்து, பக்கத்தை நடத்துகிறவரிடமும் முறையிட்டிருக்கிறாள். அனுமதி எங்கே என்று அவர் கேட்டதும், அவன் என்ன செய்தான் தெரியுமா? பஸ்ஸில் சாய்ந்து நீ எடுத்த போட்டோவைக் கறுப்பு வெள்ளையாக்கி, சுற்றிப் பூ வைத்து, நண்பர் குமார் நம்மை விட்டுப் போய்விட்டார், வீட்டாரின் சம்மதத்தோடு அவருடைய வேலையை நான் தொடர்கிறேன் என்று சிங்களத்தில் எழுதிப் போட்டுவிட்டான். கீழே நூற்றுக்கணக்கானவர்கள் நிவன் சுவ, மோட்சம் கிடைக்கட்டும் என்று அனுதாபம் போட்டிருக்கிறார்கள். முகம் தெரியாத பிள்ளைகள் உனக்காக அழுதிருக்கிறார்கள். நம் மேல் கணக்கு லயத்துப் பையன்கள் அதைப் பார்த்துத் தோட்டத் தலைவரிடம் சொல்ல, அவர் கோயிலிலிருந்து கொடியை எடுத்துக் கொடுத்திருக்கிறார். எங்களிடம் ஒரு வார்த்தை கேட்க அவர்களுக்கு மனம் வரவில்லையாம். இரக்கப்பட்டுச் செய்தவர்களை நான் என்ன சொல்ல?

உள்ளே பெண்கள் நிறைந்திருந்தார்கள். அம்மா நடுவில் உட்கார்ந்திருந்தாள், அழவில்லை. ஒவ்வொருத்தியாக, "ஒனக்கு யாரு சொன்னா?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள். எல்லோரும் போனில் வந்தது என்றார்கள். "போன்ல ஊரே எம் மகனப் பத்திப் பேசுது, எம் மகன் மட்டும் பேசமாட்டேங்குறான்" என்றாள். எனக்கு அதற்கு மேல் அங்கே நிற்க முடியவில்லை. வாசலிலிருந்து கோயில் வளைவு வரைக்கும் கொடியை ஒவ்வொன்றாகப் பிடுங்கிக்கொண்டு போனேன். தலைவர் ஏதோ முறை, சாங்கியம் என்று பின்னால் வந்தார். என் அப்பாவுக்குக் கட்டியது போதும் என்று கத்திவிட்டேன். பெரிய மனிதர், பாவம், நாளைக்குப் போய் மன்னிப்புக் கேட்க வேண்டும்.

அப்புறம் றிப்னாவுக்குப் போன் போட்டேன். நான் பேசுவதற்கு முன்பே அவள் அழுதுகொண்டிருந்தாள். வீட்டார் யாராவது முகம் காட்டிச் சொன்னால்தான் பக்கத்தை நடத்துகிற சிங்கள அண்ணன் அதை எடுக்க முடியும் என்றாள். நம் வாசலில், கதவு இலக்கம் தெரியும்படி நின்றேன். ஏழுமலை மாமா மகள் வீடியோ எடுத்தாள். முதலில் சிங்களத்தில், பிறகு தமிழில் சொன்னேன். நான் குமாரின் கூடப்பிறந்த அக்கா. என் தம்பி உயிரோடு, சுகமாகக் கட்டாரில் இருக்கிறான். அவனோடு பேசினேன். நாங்கள் யாருக்கும் அனுமதி கொடுக்கவில்லை. ரோடு அவன் செய்தது. அவன் வாயால் சொல்லும்வரை யாரும் தொடக்கூடாது.

இரவுக்குள் அந்தப் போட்டோவை எடுத்துவிட்டார்கள். அந்த ரோட் ராஜாவையும் வெளியே போட்டுவிட்டார்கள். யாரும் தொடக்கூடாது என்று நான் சொன்னதில் றிப்னாவும் அடங்கிவிட்டாள் என்பது அப்புறம்தான் நினைவு வந்தது. அதைச் சொன்னேன். "அது சரிதானே அக்கா, நான் இருந்து பாக்குறேன்" என்றாள்.

வெள்ளி காலை

ஸாஜித் மத்தியானம் புறப்படுகிறார். இதை எழுதாமல் அனுப்ப நினைத்தேன், முடியவில்லை.

வீடியோவில் ஆறு வரி பேசினேன், அதில் ஒரு வரி எங்கிருந்து வந்தது என்று எனக்கே தெரியாது. உன்னோடு பேசினேன் என்று சொல்லிவிட்டேன். சொல்லும்போது குரல்கூட நடுங்கவில்லை. தோட்டம் முழுக்க நம்பிவிட்டது. மலையிலும் பிரட்டிலும் எல்லோரும் அம்மாவிடம், "மகன் பேசிட்டானாமே" என்று கேட்கிறார்கள். நேற்று அம்மா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "பேசுனியாமே, ஏண்டி எங்கிட்ட குடுக்கல?" என்றாள். கடையில் இருந்தபோது வந்தது, சட்டென்று வைத்துவிட்டான் என்றேன். குரல் எப்படி இருக்கிறது என்று கேட்டாள். எனக்கு உன் குரல் உடனே ஞாபகத்துக்கு வரவில்லை, குமார். ஏசி அறையில் இருந்து கொஞ்சம் சளி பிடித்திருக்கிறது என்று சொன்னேன்.

அவள் நம்பினாளா, நம்புவது போல இருக்கிறாளா என்று என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. இப்போது இதை எழுதும்போது அடுப்படியில் உன் சளிக்குக் கொத்தமல்லி வறுக்கிறாள். சுக்குப் போதாது என்று லதீபா ஆச்சியின் கடைக்கு ஆள் அனுப்பியிருக்கிறாள். பொட்டலம் இந்தக் கடிதத்தோடு வரும். வாசனை இங்கே கூரை வரைக்கும் நிற்கிறது. நான் அவள் முகத்தைப் பார்க்காமல் சுவரைப் பார்த்து உட்கார்ந்து எழுதுகிறேன்.

காசு வேண்டாம். பாஸ்போட் இல்லாவிட்டால் அதற்கு வழி பார்க்கலாம், ஸாஜித்துக்கு ஆட்களைத் தெரியும். வெட்கப்பட்டு ஒளிந்திருந்தால், அந்த வெட்கம் எங்களுக்கு வேண்டியதில்லை. றிப்னாவுக்குச் சரி என்று சொல்வாயோ மாட்டேன் என்று சொல்வாயோ, அது உன் இஷ்டம். அக்காவுக்கு என்ன தைரியம், என் விஷயத்தில் ஏன் வாய் வைத்தாய் என்று ஏச வேண்டுமென்றால் எல்லோருக்கும் கேட்க ஏசு. நான் பேசாமல் வாங்கிக்கொள்கிறேன்.

மாரியம்மன் நீ இருக்கும் இடத்தில் உன் பக்கத்தில் நிற்கட்டும். அம்மா தன் கையால் உன் தலையைத் தொட்டதாக நினைத்துக்கொள். நாடறிய வாசலில் நின்று நீ இருக்கிறாய் என்று சொல்லிவிட்டேன், தம்பி. உன் அக்காவைப் பொய்க்காரி ஆக்கிவிடாதே.

இப்படிக்கு,
உன் குரலுக்குக் காத்திருக்கும் அக்கா,
விஜயகலா