மைக் பழுது என்று நான் சொன்னது

திருமதி நாகலெட்சுமி அவர்களுக்கு,

வாய் மூடி இருந்தது போதும் என்று தோன்றியதால் இதை எழுதுகிறேன். நீங்கள் சைப்ரஸில் தேக சுகத்துடன் இருப்பீர்கள் என்று நம்புகிறேன். பக்கத்தில் ஊர்க்காரர் யாரும் இருந்தால் இதை மடித்து வைத்துவிட்டு, தனியாக இருக்கும்போது வாசியுங்கள்.

நீங்கள் மகளுக்கு அனுப்பிய மடிக்கணினி திருத்த வந்தது ராகலையில் என் கடைக்குத்தான். கணினி வந்த பெட்டியிலேயே வைத்துக் கொண்டுவந்தார்கள். உங்கள் விலாசம் அதன் மேல் ஒட்டியிருந்தது. நான் யார் என்பது இப்போது உங்களுக்குப் புரிந்திருக்கும். உங்கள் தம்பி விஜிதரனுக்கும் எனக்கும் உள்ள பகையும் உங்களுக்குத் தெரியும். அதை நான் மறைக்கவில்லை, மறக்கவும் இல்லை. உங்கள் தேயிலைத் தோட்டத்துப் பாடசாலையில் நான் விஞ்ஞானம் படிப்பித்த காலத்தில், கொழும்பு வீடுகளுக்கு வேலைக்குப் பிள்ளை சேர்த்துக் கொடுப்பவன் அவன். வகுப்பில் பிள்ளைகள் உட்காரும் வாங்குகள் ஒவ்வொன்றாக வெறுமையாவதைப் பார்த்து, பிள்ளைகள் எங்கே என்று கேட்டேன். அடுத்த மாதமே என் மீது மொட்டைப் பெட்டிசம் போனது. யாழ்ப்பாணத்து வாத்தியார், இரவில் யார் யாரோ வந்து போகிறார்கள் என்று எழுதியிருந்தார்களாம். பொலிஸ் கூட்டிக்கொண்டு போனது. திரும்பி வந்தபோது வேலை இல்லை. எழுதியவனுக்குப் பெயர் போடும் துணிவும் இருக்கவில்லை. அன்றிலிருந்து பெயரில்லாத கடிதம் என்றாலே எனக்கு அருவருப்பு.

அப்படிப்பட்டவன் என் கடைக்கு ஏன் வந்தான் என்று கேட்பீர்கள். மைக்கைத் திருத்தச் சொல்லி நீங்கள்தான் விடாமல் நச்சரித்தீர்களாம். ராகலையில் கணினி திறக்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். "அக்கா ஒரே கரைச்சல் மாஸ்டர். மக மொகம் தெரியுதாம், சத்தம் வரலையாம். நீங்களே பாத்து, இது சரிவராதுன்னு சொல்லிருங்க" என்றான். பார்க்குமுன்பே சரிவராது என்று அவனுக்குத் தெரிந்திருந்தது.

உங்கள் மகள் தனுஜாவும் கூட வந்திருந்தாள். பாடசாலைச் சீருடையில் இருந்தாள். அன்று பாடசாலை விடுமுறை.

முதலில் ஒலியை அடைத்து வைத்திருக்கிறார்களா என்று பார்த்தேன். இல்லை. அதற்குரிய மென்பொருளை அழித்துத் திரும்பப் போட்டேன். பயனில்லை. பிறகு உருப்பெருக்கும் வில்லையை எடுத்து, திரைக்கு மேலே கமராவுக்குப் பக்கத்தில் உள்ள ஊசித் துவாரத்தைப் பார்த்தேன். அதில் பசை காய்ந்து பளபளத்தது. சட்டத்தைக் கழற்றினேன். உள்ளே மைக்கின் நடுவில் சூடான ஊசி இறங்கிய அடையாளம் கருகிக் கிடந்தது. ஒரு விரல் தள்ளியிருந்த கமராவில் ஒரு கீறல்கூட இல்லை. கண்ணை விட்டுவிட்டு வாயை மட்டும் அடைத்திருந்தார்கள்.

சட்டத்தைத் திரும்ப மாட்டினேன். மற்ற ஒலிப் பாகங்கள் சரியா என்று அறிய, கடையில் கிடந்த பழைய ஹெட்போனைச் செருகி, அதன் மைக்கில் ஏதாவது பேசு பிள்ளை என்றேன். அவள் மாமனைப் பார்த்தாள். "என்னா முழிக்கிற? ஒன் டூ த்ரீ சொல்லு, போதும்" என்றான். சொன்னாள். தெளிவாகப் பதிவானது. அந்த நேரம் அவனுக்கு ஒரு அழைப்பு வந்தது. கடைக்குள் சிக்னல் இல்லாததால் றோட்டுக்கு இறங்கினான். பதிவு ஓடிக்கொண்டிருந்தது.

பிள்ளை என்னைப் பார்க்கவில்லை. வெறும் திரையைப் பார்த்து, நீங்கள் அதற்குள் இருப்பதுபோலப் பேசினாள். "அம்மா, நான் இஸ்கூலுக்குப் போறதில்லம்மா. நீ கம்பியூட்டர்ல வர்ற நேரம் மட்டும் யூனிபோம் போட்டு உக்கார வைக்கிறாங்க. பாஸ்போட் வந்துருச்சு. அதுல எனக்கு இருவத்திமூணு வயசாம். ஆவணியில ரியாத்துக்கு ஏத்துறாராம் மாமா. நான் சிரிக்கிறதப் பாத்து நீயும் சிரிக்காதம்மா. அது சும்மா சிரிக்கிறது."

அவளுக்கு இன்னும் பதினாறு முடியவில்லை என்பது உங்களுக்குத்தான் தெரியும்.

அவன் திரும்பி வருமுன் பதிவை எடுத்துக்கொண்டு, கணினியில் அழித்துவிட்டேன். அழிந்திருக்கும் என்றுதான் நம்புகிறேன். ஹெட்போனை எடுத்துக்கொண்டு போ, இதை வைத்துப் பேசலாம், இனாம்தான் என்றேன். மேசையிலேயே வைத்துவிட்டான். "மாஸ்டர் எதுக்கு வீணா எரக்கப்படுறீங்க? நாட்டு நெலம தெரியும்தானே. முந்தி மாதிரி பொலிசு கிலிசுன்னு அலையணுமா?" என்று சிரித்தான். பிறகு என்னை றோட்டுக்குக் கூப்பிட்டு, அவனே உங்களுக்கு எடுத்து, போனைப் பிள்ளையிடம் கொடுக்காமல் என் காதில் வைத்தான். மைக் பழுதுதான் என்றேன். அது பொய்யில்லை. பழுதாக்கியது யார் என்று நீங்கள் கேட்கவில்லை. அவன் முன்னால் நானும் சொல்லவில்லை. பிள்ளை என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

என் பகையால் நான் கதை கட்டுவதாக நீங்கள் நினைக்கலாம். நினைத்தால் குற்றமில்லை. அதனால்தான் அவள் பேசியதை ஒரு சீடியில் போட்டு இத்துடன் வைத்திருக்கிறேன். பெற்றவளுக்கு அந்தக் குரலை யாரும் அடையாளம் காட்ட வேண்டியதில்லை.

கேட்ட பிறகு தம்பிக்கு எடுத்துச் சத்தம் போடாதீர்கள். திரையில் பிள்ளையிடம் ஒன்றும் கேட்காதீர்கள். நீங்கள் பேசுவது அந்த அறையில் எல்லோருக்கும் கேட்கும். அவள் சிரித்தால் நீங்களும் சிரியுங்கள். மைக் விஷயத்தை அடியோடு விட்டுவிட்டதுபோல இருங்கள். ஆவணிக்கு முன்னால் வந்துவிடுங்கள். வருவதாகச் சொல்லாமல் வாருங்கள். சொன்னால் நாள் முந்திவிடும்.

இங்கே பனி இறங்கிவிட்டது. எதிரே தேநீர்க் கடையில் விஜிதரன் நேற்றும் நெடுநேரம் இருந்தான், இன்றும் இருக்கிறான். தேநீரைக் குடிப்பதாகத் தெரியவில்லை. என் கதவைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறான். கணினியில் ஏதாவது மிச்சம் இருந்ததோ, பிள்ளையை மிரட்டிக் கேட்டானோ, தெரியாது. இந்த யுத்த காலத்தில் யாழ்ப்பாணத்துப் பெயரோடு சீடி வைத்த கடிதம் வெளிநாட்டுக்குப் போனால் தபாலிலேயே பிரிப்பார்கள். பிரித்தால் பெயரைப் பார்ப்பார்கள், பிள்ளை சொன்னதைக் கேட்கமாட்டார்கள். ஆகவே ராகலையில் போடாமல், காலை முதல் பஸ்ஸில் நுவரெலியா போய் அங்கே போடுவேன்.

உங்கள் மகளை நீங்கள் வந்து தொட்டுப் பார்க்கும் நாள்வரை அவளுக்கு ஒன்றும் நேராதிருக்க வேண்டும். எனக்குச் சாமியிடம் கேட்கும் பழக்கம் விட்டுப்போய்விட்டது. நீங்கள் கேளுங்கள். கேட்டுக்கொண்டே பயணத்துக்கு ஆயத்தப்படுங்கள்.

என் வாழ்க்கையைக் கெடுத்தது பெயரில்லாத ஒரு கடிதம். இதன் அடியிலும் நான் பெயர் போடப்போவதில்லை. உள்ளே அவள் குரல் இருக்கிறது. கையெழுத்து இல்லாமலே தபாலில் சேர்க்கிறேன்.