ஏழு மச்சம்

மரக்கிடங்குக் குடியிருப்பு,
வெள்ளிக்கிழமை மாலை.

அன்புள்ள மேஸ்திரிக்கு,

உன் வீட்டுக்காரன் எழுதுவது. இங்கே நான் சுகம். மகள் வீட்டில் நீ எப்படி இருக்கிறாய் என்று அவள் எழுதியும் நீ எழுதியும் தெரிந்துகொண்டேன். உன் கையெழுத்தில் ஆறு வரி இருந்தது. கோணலாக இருக்கிறது, சிரிக்காதீர்கள் என்று எழுதியிருந்தாய். நான் எதற்குச் சிரிக்கப் போகிறேன்? நாற்றங்காலில் ஆயிரக்கணக்கான பைகளை நூல் பிடித்த மாதிரி அடுக்க வைத்தவள் நீ. எழுத்து கொஞ்சம் கோணினால் குடி முழுகிவிடாது.

வீட்டுச் செய்தி சொல்கிறேன். பின்வாசல் புல்லை ஒட்ட வெட்டிவிட்டேன். வீட்டைச் சுற்றி மூன்றடி அகலத்துக்கு ஜல்லி கொட்டியிருக்கிறேன். உண்ணி காய்ந்த ஜல்லியைத் தாண்டி வர யோசிக்குமாம். விறகையும் தள்ளி அடுக்கியாயிற்று. நாய்க்கு மாதம் ஒருமுறை கழுத்தில் மருந்து விடவேண்டும். அந்தக் குப்பியைப் பார்த்தாலே கட்டிலுக்கடியில் பதுங்கிக்கொள்கிறது. உன் தையல் மெஷினுக்கு உறை போட்டு வைத்திருக்கிறேன். ரேடியோ இப்போது பள்ளிக்கூடத்தில் இருக்கிறது. ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

நர்ஸம்மா நம் குடியிருப்பையே தலைகீழாகப் புரட்டிப் போட்டுவிட்டார். எல்லோரும் வெளிர் நிறத்தில்தான் உடுத்த வேண்டும், அப்போதுதான் உண்ணி ஊர்வது தெரியும் என்று உத்தரவு. அழுக்குத் தெரியாது என்று வருஷம் முழுக்கக் கறுப்புச் சட்டை போட்ட லாரிக்காரர் இப்போது சந்தன நிறச் சட்டையில், பேன்ட் நுனியைச் சாக்ஸுக்குள் திணித்துக்கொண்டு வருகிறார். பொண்ணு பாக்கப் போறீங்களா என்று கிடங்கில் எல்லோரும் கேட்டு மனிதரைப் படாத பாடு படுத்துகிறார்கள். உண்ணியைச் சிகரெட் நுனியால் சுடுவதில் சூரர் இல்லையா அவர்? சூடு பட்டால் அது வயிற்றில் இருப்பதை நம் உடம்புக்குள்ளேயே கக்கிவிடும் என்று நர்ஸம்மா சொன்னதும் முகம் வெளுத்துவிட்டது. இப்போது எல்லா வீட்டிலும் ஒரு இடுக்கி. தோலை ஒட்டிப் பிடித்து, திருகாமல் நேராக இழுத்து, சோப்புப் போட்டுக் கழுவுகிறார்கள். எடுத்த உண்ணியைச் செலோடேப்பில் வைத்துக் காலண்டரில் அன்றைய தேதி மேல் ஒட்டிவிட வேண்டும். இரண்டு வாரத்துக்குள் காய்ச்சல் வந்தால் காலண்டரைக் கையில் எடுத்துக்கொண்டே நர்ஸம்மாவிடம் ஓட வேண்டும்.

இந்த வருஷம் இரண்டு பேர் அப்படி ஓடினார்கள். அன்றைக்கே மாத்திரை ஆரம்பித்தார்கள். ஒரு வாரத்தில் இரண்டு பேரும் வேலைக்கு வந்துவிட்டார்கள். அவர்கள் மரம் ஏற்றுவதைப் பார்த்தபோது சந்தோஷமாக இருந்தது, வயிற்றெரிச்சலாகவும் இருந்தது. உன்னிடம் மறைப்பானேன்.

வீட்டில் முதுகு பார்க்க ஆள் இல்லாதவர்கள் ஆறு மணிக்கு மருந்தகத்துக்கு வரவேண்டும் என்று இன்னொரு சட்டம். பெண்களை நர்ஸம்மா பார்க்கிறார். ஆண்களைப் பார்க்கும் வேலையை நான் கேட்டு வாங்கிக்கொண்டேன். எனக்கு முதுகு டாக்டர் என்று பட்டமே கொடுத்துவிட்டார்கள். நம்மைப் போலவே முக்காலியில் உட்கார வைத்து, மச்சத்தை எண்ணித்தான் பார்க்கிறேன்.

அந்த முக்காலி இப்போதும் பின்வாசலில்தான் இருக்கிறது. கல்யாணமாகி இங்கே வந்த முதல் வாரம், நாற்றங்காலிலிருந்து வந்ததும் முதுகைக் காட்டு என்று சொன்னேன். நீ கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே போய்விட்டாய். பக்கத்து வீட்டு அக்கா வந்து, இங்க எல்லா வீட்லயும் இதான் வழக்கம், காட்டலன்னா உண்ணி காட்டிக்கும் என்று அதட்டிய பிறகுதான் வந்தாய். உன் முதுகில் மொத்தம் ஏழு மச்சம். மச்சத்தையும் உண்ணியையும் குழப்பிக்கொள்ளக் கூடாது என்று ஒவ்வொன்றின் மேலும் விரலை வைத்து எண்ணினேன். எட்டாவது ஒன்று இருந்தால் அதுதான் உண்ணி. கூச்சத்தில் ஒவ்வொரு எண்ணுக்கும் நெளிந்தாய். நாலாவதில் சிரித்துவிடுவாய், மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பிப்பேன். மகள் பிறந்து, பள்ளிக்கூடம் போய், அவளுக்குக் கல்யாணமும் ஆகி, எது மாறினாலும் சாயங்கால வெளிச்சம் இருக்கும்போதே அந்த ஏழையும் நான் எண்ணியாக வேண்டும். நாம் சண்டை போட்டுப் பேசாமல் இருந்த நாட்களில்கூட நீ வந்து உட்காருவாய், நான் எண்ணுவேன். எண்ணி முடித்தால் பாதிச் சண்டை தீர்ந்திருக்கும்.

உன் ஆறு வரியில் ஒரு வரி என்னை மூன்று நாளாகத் தூங்கவிடவில்லை. அந்த உண்ணி எள்ளளவுதானே, உங்கள் கண்ணையே ஏமாற்றிவிட்டது, மனசைப் போட்டு உழப்பிக்கொள்ளாதீர்கள் என்று எழுதியிருக்கிறாய். நர்ஸம்மாவும் அப்போது அதையேதான் சொன்னார். யார் கண்ணுக்கும் தப்பும் என்றார். நானும் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டி, ஒன்றரை வருஷமாக அந்தப் பேச்சின் நிழலிலேயே ஒதுங்கி நிற்கிறேன்.

என் கண் ஏமாறவில்லை. நான் பார்க்கவே இல்லை.

அன்று ரேடியோவில் இறுதி ஆட்டம். கடைசி ஐந்து நிமிஷம், இரண்டு பக்கமும் சமம். நீ வந்து முக்காலியில் உட்கார்ந்தாய். நான் உன் பின்னால்தான் நின்றேன், காது மட்டும் உள்ளே இருந்தது. ஏழு, சரியா இருக்கு, எந்திரி என்று சொல்லிவிட்டு ஓடினேன். ஒரு விரல்கூட வைக்கவில்லை.

ஒன்பதாம் நாள் உனக்குக் காய்ச்சல். டவுன் டாக்டர் உண்ணி கடித்ததா என்று கேட்டார். இவரு தினமும் பாப்பாரு டாக்டர், ஒன்னும் இருந்ததில்ல என்று நீ சொன்னாய். எவ்வளவு பெருமையாகச் சொன்னாய்! அப்போதாவது நான் வாய் திறந்திருக்கலாம். சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் சாதாரணக் காய்ச்சலுக்கு மருந்து எழுதினார். நாலு நாள் வீணாகப் போயிற்று. ஐந்தாம் நாள் மணிக்கட்டில் செம்புள்ளி வந்த பிறகு நர்ஸம்மா வந்து முதுகைப் பார்த்தார். மூன்றாவது மச்சத்துக்கும் நாலாவதுக்கும் நடுவில் மிளகளவு கறுப்புப் பொருக்கு, உண்ணி கடித்த தடம். எண்ணியிருந்தால் என் விரல் அதன் மேலேயே போயிருக்கும். உன் இடது காது கேட்காமல் போனதும் உன் கை நடுக்கமும் என்னால் வந்தவை. அந்த ரேடியோவை வீட்டில் வைத்திருக்கப் பிடிக்காமல்தான் பள்ளிக்கூடத்துக்குக் கொடுத்துவிட்டேன்.

மரத்தை அளந்து சொல்வதுதான் என் பிழைப்பு. என் கண்ணை நம்பிக் கிடங்கில் யாரும் இரண்டாம் முறை அளப்பதில்லை. அப்படிப்பட்டவன் வீட்டில் அளக்காமலே அளவு சொல்லிவிட்டேன்.

அடுத்த ஞாயிறு பள்ளிக்கூடத்தில் கூட்டம். முதுகு பார்ப்பதில் சனங்களுக்கு மறுபடி சோம்பல் வந்துவிட்டது, உங்க வீட்ல நடந்ததை நீங்களே சொன்னா உறைக்கும் என்கிறார் நர்ஸம்மா. உறைக்கும்படி சொல்வதென்றால் நடந்ததைச் சொல்ல வேண்டும். உனக்குத் தெரியாத ஒன்றை ஊருக்கு முதலில் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வேண்டாம் என்று நீ எழுதினால் பேசமாட்டேன். திட்ட வேண்டுமானால் திட்டி எழுது. எழுதாமல் மட்டும் இருந்துவிடாதே. கூட்டத்துக்கு இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது.

மன்னித்துவிடு என்று கேட்க வாய் வரவில்லை. மாத்திரையை வேளை தவறாமல் சாப்பிடு. உன் உடம்பு தேறி நீ நன்றாக இருந்தால் எனக்கு அது போதும்.

என்றும் உன்,
அளவுக்காரன்

---

மகள் வீடு,
புதன்கிழமை.

உங்களுக்கு,

கடிதம் வந்தது. மகளை வெளியே அனுப்பிவிட்டு நானே படித்தேன்.

அன்று நீங்கள் எண்ணவில்லை என்பது எனக்கு அன்றே தெரியும். இத்தனை வருஷமாக ஏழு இடத்தில் விரல் பட்ட முதுகுக்கு, ஒரு இடத்திலும் படாதது தெரியாதா? ஆட்டம் முடியட்டும், பிறகு கேட்கலாம் என்று நினைத்தேன். அப்புறம் அடுப்பு வேலையில் மறந்துபோனேன். அது என் தப்பு. டாக்டரிடம் அப்படிச் சொன்னதற்குக் காரணம், அந்த அறையில் பத்துப் பேர் இருந்தார்கள். உங்களை விட்டுக்கொடுக்க மனசு வரவில்லை. காய்ச்சல்தானே, போய்விடும் என்று நினைத்தேன்.

கோபம் இல்லை என்று பொய் சொல்லமாட்டேன். ஆஸ்பத்திரியில் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தது தூக்கத்தால் அல்ல. நீங்களாக வாயைத் திறந்து சொல்லட்டும் என்றுதான் இத்தனை நாள் இங்கே உட்கார்ந்திருக்கிறேன். அந்த ஆறு வரியை எழுதியதும் அதற்குத்தான்.

ஞாயிற்றுக்கிழமை பேசுங்கள். நான் மறைத்ததையும் சேர்த்தே சொல்லுங்கள். உண்ணி கடித்ததா என்று டாக்டர் கேட்டால் மற்றவர்களாவது வீட்டு மானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்காமல் பதில் சொல்லட்டும்.

ஊரார் முதுகையெல்லாம் பார்ப்பதாக எழுதியிருக்கிறீர்கள். உங்கள் முதுகை யார் பார்க்கிறார்கள் என்று நாலு பக்கத்தில் ஒரு வரி இல்லை. எனக்குத் தெரியும், யாரிடமும் காட்டியிருக்க மாட்டீர்கள். அதில் மூன்று மச்சம். கடிதம் கிடைத்த அன்றைக்கே போய் லாரிக்காரரிடம் காட்டுங்கள்.

கூட்டம் முடிந்த மறுநாள் மகள் என்னைக் கொண்டுவந்து விடுகிறாள். முக்காலியைத் துடைத்து வையுங்கள். என் கை நடுங்குகிறது, மூன்றை எண்ணவே வெகுநேரம் ஆகும். நீங்கள் எழுந்து ஓடாமல் உட்கார்ந்திருக்க வேண்டும்.

இப்படிக்கு,
மேஸ்திரி