மீட்டர் நின்ற உயரம்

அன்புள்ள பெரியவனுக்கு,

அம்மா எழுதுகிறேன். "மீட்டர் பொய் சொல்லுமாம்மா?" என்று நேற்று கேட்டுவிட்டுப் போனை வைத்துவிட்டாய். இத்தனை வருஷம் பள்ளியில் அறிவியல் நடத்தியவள், பதில் சொல்லாமல் விடுவேனா? மறுபடி பேசினால் சண்டையாகும், அதனால் கடிதம்.

எல்லாரும் சுகம் என்று எழுத ஆசைதான். உன் தங்கைக்குத் தலைசுற்றல் நிற்கவில்லை. செருப்புக் கம்பெனியில் அவளோடு பசை தடவும் இரண்டு பெண்கள் மயங்கி விழுந்ததும் அறையை மூடினார்கள். தலைமை அலுவலகம் உன்னை அனுப்பியது. நீ மீட்டரை வைத்து அறையின் காற்றை அளந்து, கோளாறு இல்லை என்றாய். "ஒருத்திக்குத் தல சுத்துனா எல்லாருக்கும் சுத்தும். பொம்பளைங்க சமாசாரம், விடுங்க சார்" என்றாராம் மேனேஜர். நீ சிரித்தாயாம். தோழிகள் விழுந்ததைச் சொன்னபோது அழாதவள், இதைச் சொல்லும்போது அழுதுவிட்டாள்.

அதே அறையில் தோல் வெட்டும் ஆண்களுக்கு ஒன்றும் ஆகவில்லையே என்று என்னிடமும் வாதாடினாய். அவர்கள் மேஜை முன்னால் நிற்கிறார்கள், கண்ணா. பெண்கள் தரையில் உட்கார்ந்திருக்கிறார்கள். நீ மீட்டரை நெஞ்சுக்கு நேராகப் பிடித்திருந்தாய் என்கிறாள் உன் தங்கை. பசையின் ஆவி காற்றைவிடக் கனம். அது எங்கே தேங்கும் என்று உனக்கு நான் சொல்ல வேண்டுமா?

வகுப்பில் நான் நிற்கும் இடத்திலிருந்து கரும்பலகை பளிச்சென்று தெரியும். ஜன்னலோரப் பிள்ளைக்கு அதில் வெறும் வெளிச்சம்தான் தெரியும். இரண்டு பேர் சொல்வதும் நிஜம். மீட்டரும் அப்படித்தான். கேட்ட இடத்துக்குப் பதில் சொன்னது. கேட்காத இடத்துக்கு அது எப்படிச் சொல்லும்?

உன் தங்கை நினைப்பது தப்பாகவும் இருக்கலாம். அளந்து பார்த்துவிட்டுத் தப்பு என்று சொல், ஏற்றுக்கொள்கிறேன். பெண் சொன்னாள் என்பதற்காகத் தள்ளிவிடாதே.

வேலைக்குப் போகாதே என்றால், "மத்தவங்கல்லாம் போவாங்களேம்மா" என்று வயிற்றைத் தடவிக்கொள்கிறாள். ஏழாம் மாதம். திங்கட்கிழமை நீ மறுபடி வந்து சரி என்றால், அன்றைக்கே அறையைத் திறந்துவிடுவார்களாம்.

நீயும் உன் வீடும் நன்றாக இருக்க வேண்டும். அவள் பிள்ளை மாமன் மடியில் விளையாட வேண்டும். அவ்வளவுதான் என் ஆசை.

திங்கட்கிழமை, வேலை நடக்கும்போது இருப்பதுபோலவே பசை டப்பாக்களைத் திறக்கச் சொல். அவள் உட்காரும் இடத்தில், அவளைப் போலவே குனிந்து, அரை மணி நேரம் உட்கார். பிறகு மீட்டரை உன் மூக்கருகில் பிடித்துப் பார்.

உன் அம்மா