டீபாட்டுக்கு ஒரு நியாயமான கறை

இந்த வீட்டு அம்மணியின் மேலான கவனத்திற்கு: அலமாரியில் அட்டைப்பெட்டிக்குள் தவம் கிடந்த கண்ணாடி டீபாட், இன்று முதல் பொதுவாழ்வில் இறங்கிவிட்டது.

சாயங்காலம் உன் அக்கா வருகிறார். அவர் கொடுத்த திரைச்சீலையை நாம் கரித்துணியாக்கியதைப் பார்த்துவிட்டு ஒரு வருஷம் முகம் கொடுக்கவில்லை. அவர் கொடுத்த டீபாட்டையும் தொடவே இல்லை என்று தெரிந்தால் அதோடு உறவு முடிந்தது. அதனால்தான் காலையிலிருந்து கெட்டி டீத்தண்ணியை ஊறவைத்து, தினமும் புழங்கியதுபோல ஒரு கறை வளர்த்திருக்கிறேன். தயவுசெய்து தேய்த்துவிடாதே. நேற்று வளர்த்ததை, "இந்தக் கறையைப் பாத்தா எங்கக்கா என்னைப் பத்தி என்ன நெனைப்பா?" என்று சோடா உப்புப் போட்டுக் கழுவிவிட்டுப் படுத்தவள்தான் நீ. அந்தச் சண்டையில் இன்னும் என்னோடு பேசவில்லை.

டீ போடுமுன் வெதுவெதுப்பான தண்ணீரில் டீபாட்டை அலசு. குளிர்ந்த கண்ணாடியில் கொதிக்கக் கொதிக்க ஊற்றினால் விரிசல் விடும். அடுப்பில் வைக்கவே வைக்காதே. சாய்க்கும்போது மூடியைப் பிடித்துக்கொள், அது விழுவதற்கென்றே பிறந்த மூடி.

உன் சாப்பாடு மேசைமேல் இருக்கிறது. கோபத்தோடாவது சாப்பிடு.

பி.கு.: செருப்பு மாட்டும்போது உன் அக்கா போன் செய்தார். "தம்பி, உங்க வீட்டுல ஒரு டீபாட்கூட இல்லையே! கண்ணாடியில அழகா ஒண்ணு பாத்தேன், வாங்கிட்டு வந்துடறேன்" என்றார்.

முன்பு கொடுத்தது அவருக்கு நினைவே இல்லை.