என் சக்களத்தி காவேரி

என் பாசத்துக்கும் கோபத்துக்கும் சரிபாதிச் சொந்தக்காரரான மாமாவுக்கு, சுமதி எழுதுவது.

நான் நன்றாக இருக்கிறேன். அத்தையும் நன்றாக இருக்கிறார். முட்டிவலிதான் குளிர் வந்தால் பாடாய்ப் படுத்துகிறது. மாரண்டஹள்ளியில் இந்த வருஷம் தக்காளிக்கு விலை பரவாயில்லை என்று பேசிக்கொள்கிறார்கள். அவளும் சௌக்கியமாகத்தான் இருக்கிறாள். அவளுக்கு என்ன கேடு?

யாரைச் சொல்கிறேன் என்று உங்களுக்குத் தெரியும். மண்டித் தெரு மாடி அறையில் இராப்பகலாக மின்விசிறி ஓட, பச்சை விளக்கைச் சிமிட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாளே, அந்தக் கறுப்புப் பெட்டிதான். அந்தத் தெருவில் இருக்கிற மண்டிகள் அத்தனைக்கும் பில்லும் கணக்கும் அவள் வயிற்றுக்குள்தான் இருக்கின்றன. ஊர் அவளை சர்வர் என்றது. அவளைப் பராமரித்த நீங்கள் மட்டும் காவேரி என்று பேர் வைத்துக் கூப்பிட்டீர்கள்.

"யாருங்க அது காவேரி?" என்று நான் கேட்டபோது சிரித்தீர்கள். "ஒகேனக்கல்ல ஓடறாளே, அவதான். வேற எந்தக் காவேரிய எனக்குத் தெரியும்?" என்றீர்கள். ஒரு பெட்டிக்கு ஆற்றின் பேரை வைக்கத் தெரிந்த மனுஷனுக்கு, வீட்டில் சுமதி என்று ஒருத்தி இருப்பது எப்படி நினைவுக்கு வராமல் போனது? அன்றைக்கே எனக்குள் புகைய ஆரம்பித்துவிட்டது மாமா. இன்றைக்கும் அணையவில்லை.

சோறு போட்டுவிட்டு எதிரே உட்கார்ந்திருப்பேன். போன் வரும். "காவேரி படுத்துட்டா" என்று பாதிச் சாப்பாட்டில் கையைக் கழுவிக்கொண்டு ஓடுவீர்கள். எனக்குக் காய்ச்சல் வந்தபோது மாத்திரை வாங்கிவர அத்தைதான் கடைக்குப் போனார். அவளுக்கு உடம்பு சூடானால் மட்டும் வீட்டு டேபிள் ஃபேனைத் தூக்கிக்கொண்டு போவீர்கள். என் அப்பா சீராகக் கொடுத்த ஃபேன் மாமா அது! இன்றுவரை அது வீடு திரும்பவில்லை.

அன்றைக்குக் காலையிலும் அவள் பக்கத்திலிருந்து எழுந்துதான் கீழே டீ குடிக்கப் போனீர்கள். டீக்கடை பெஞ்சில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தவர் அப்புறம் எழவில்லை. கடைசியாக உங்கள் கை பட்டது அவள் மேல்தான், என் மேல் இல்லை. இதை நான் யாரிடம் போய்ச் சொல்வேன்? சொன்னால் பைத்தியம் என்பார்கள்.

காரியம் முடிந்த கையோடு மண்டிக்காரர் முனிரத்தினம் அண்ணன் வீட்டுக்கு வந்தார். துண்டை மடியில் வைத்துக்கொண்டு, தரையைப் பார்த்தபடியே பேசினார்.

"தங்கச்சி, தப்பா நெனைக்காத. செந்திலு இருந்த வரைக்கும் எங்களுக்கு ஒரு கவலையும் இல்ல. இனிமே அந்தப் பொட்டி படுத்துச்சுன்னா ஏலமே நின்னுரும். ஓசூர்ல ஒரு கம்பெனிக்காரங்க பாத்துக்கறோங்கறாங்க. பொட்டியத் தூக்கிட்டுப் போயி அவிங்களே வெச்சுக்குவாங்களாம்."

தூக்கிக்கொண்டு போவார்களாம்! பிழைப்புக்காகத்தான் நான் மறித்தேன் என்று ஊர் நினைக்கிறது. அது பாதி உண்மை. மீதிப் பாதி, என்னிடமிருந்து உங்களைப் பங்கு போட்டுக்கொண்டவளை வேறொருத்தன் தொடுவதா என்கிற ஆங்காரம். அவளை வைத்துக்கொள்ளவும் பிடிக்கவில்லை, விட்டுக்கொடுக்கவும் முடியவில்லை.

"நானே பாத்துக்கறேங்கண்ணா," என்று வாய் முந்திக்கொண்டது.

"நீயா? பி.காம். படிச்ச புள்ள, உனக்கு இதெல்லாம்..."

"கத்துக்கறேன். தை பொறக்கற வரைக்கும் டைம் குடுங்க. அதுக்குள்ள ஒருதரம் ஏலம் நின்னாலும் நீங்களே தூக்கிட்டுப் போயிருங்க. நான் ஒரு வார்த்தை கேக்கமாட்டேன்."

அத்தை அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தார். "அவ கத்துக்குவா முனிரத்தினம். எம் மவன் மேல இருக்கற கோவத்துலயே கத்துக்குவா," என்றார். மாமியார் என்னை அவ்வளவு சரியாகப் படித்து வைத்திருப்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

சரி, யாரிடம் கற்றுக்கொள்வது? கடைசியில் உங்கள் பழைய பெங்களூர் ஆபீஸ் ரேகா மேடத்தைத்தான் கூப்பிட வேண்டியிருந்தது. கல்யாணமான புதிதில் ஒகேனக்கல்லில் பரிசலில் உட்கார்ந்திருந்தோமே, அப்போது போன் செய்த அதே ரேகா. பயத்தில் நான் உங்கள் கையைப் பிடிக்க, அந்தக் கையை விடுவித்துக்கொண்டு போனைப் பிடித்தீர்கள். நீங்கள் இரண்டு பேரும் ஏதோ ஒரு பாஷையில் பேசிச் சிரிப்பீர்கள். கன்னடமாக இருந்தாலும் எனக்குப் பாதி புரிந்திருக்கும். அது கன்னடமும் இல்லை, தமிழும் இல்லை.

"காவேரிக்குள்ள போக பாஸ்வேர்டு தெரியலைங்க மேடம், வூடு பூரா தேடிட்டேன்," என்றேன்.

"அது என்கிட்ட இருக்கும்மா," என்றார் அந்த அம்மா, ஏதோ உப்பு டப்பா இருக்கிற இடத்தைச் சொல்வது போல.

கட்டினவளுக்குச் சொல்லாததை எங்கோ பெங்களூரில் இருக்கிறவரிடம் கொடுத்து வைத்திருக்கிறீர்கள்! போனை அம்மிக்கல்லில் எறியலாமா என்று வந்தது. அதோடு விட்டாரா? "இப்போ பேடா, வேண்டாம் சுமதி. மொதல்ல வீட்டுல இருக்கற பழைய லேப்டாப்ல, காவேரிக்குள்ள ஓடற அதே லினக்ஸைப் போடு. அதை உடை. நீயே சரி பண்ணு. அதுக்கப்புறம் காவேரி," என்றார். என் சக்களத்தியைத் தொட நான் இன்னொருத்தியிடம் உத்தரவு வாங்க வேண்டியிருந்தது.

லேப்டாப்பை அடுப்படி மேடையில்தான் வைத்துப் படித்தேன். ரகசியச் சொல்லை அடித்தால் திரையில் ஒரு புள்ளிகூட வராது என்று யாரும் சொல்லவில்லை. கீபோர்டு கெட்டுப்போனது என்று நினைத்துத் துணியால் துடைத்துத் துடைத்துப் பார்த்தேன். ஒருநாள் எனக்கு அனுமதியில்லாத கட்டளையை அடித்துவிட்டேன் போல. இந்தச் சம்பவம் புகார் செய்யப்படும் என்று ஆங்கிலத்தில் ஒரு வரி வந்தது. யாரிடம் புகார் போகும்? ரேகாவிடம்தான் போகும் என்று எண்ணி, அவர் முந்திக்கொள்வதற்குள் நானே போன் செய்து மன்னிப்புக் கேட்டேன். அந்த அம்மா சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது.

அப்புறம் உடைக்க ஆரம்பித்தேன். ஒரு கோப்பை அழிக்கப் போய் மொத்த லினக்ஸையும் துடைத்தேன். பாதுகாப்புக்குச் சுவர் எழுப்புகிறேன் என்று என்னையே வெளியே வைத்துப் பூட்டிக்கொண்டேன். ஒவ்வொரு தடவையும் முதலிலிருந்து போட்டேன். முதல் தோசை கல்லோடு ஒட்டும், அதற்காக மாவைக் கொட்டிவிடுவோமா? கொஞ்சம் கொஞ்சமாக அந்தக் கறுப்புத் திரை நான் கேட்பதற்குப் பதில் சொல்ல ஆரம்பித்தது. இது எனக்குப் பிடித்திருந்தது மாமா, சொல்லவே கூச்சமாக இருக்கிறது. இவ்வளவு சந்தோஷத்தை நீங்கள் தனியாகவே வைத்துக்கொண்டிருந்தீர்கள் என்று அதற்கும் ஒரு பொறாமை வந்தது.

மார்கழியில் ரேகா ரகசியச் சொல்லைக் கொடுத்தார். மாடி அறைக்குப் போய், லேப்டாப் வழியாக உங்கள் பேரில் காவேரிக்குள் நுழைந்தேன். திரையில் வந்த முதல் வரியைப் பார்த்ததும் உடம்பு எரிந்தது. உங்கள் பேர், நடுவில் ஈமெயில் முகவரியில் வருகிற அந்தச் சுழி, அடுத்து அவள் பேர். நம் கல்யாணப் பத்திரிகையில்கூட நம் பேர்கள் அவ்வளவு நெருக்கமாக இல்லை. எண்டர் தட்டும்போதெல்லாம் அதே வரி வருகிறது. செந்தில் காவேரி, செந்தில் காவேரி, செந்தில் காவேரி.

எனக்கென்று தனிக் கணக்கு ஒன்று திறந்தேன். அதோடு நின்றிருக்கலாம். புத்தி கேட்டதா? சர்வரின் பேரை மாற்றுகிற கட்டளை எனக்குத் தெரியும். காவேரியை அழித்துவிட்டுச் சுமதி என்று வைத்தேன். இனிமேல் நீங்கள் அவளைக் கட்டிக்கொண்டு அழுதாலும் என் பேரைத்தான் சொல்லியாக வேண்டும் என்று வீம்போடு வீட்டுக்கு வந்து நிம்மதியாகத் தூங்கினேன்.

மறுநாள் காலையில் ஏலத்துக்கு முன்னால் போன் வந்தது. எந்த மண்டியிலும் பில் வரவில்லையாம். ஓடினேன். தெரு பூரா தக்காளிப் பெட்டிகள், வெளியே லாரிகள், நடுவில் முனிரத்தினம் அண்ணன். "என்னா தங்கச்சி, ஓசூருக்குப் போன் போடட்டுமா?" என்றார். கோபமாகக்கூடக் கேட்கவில்லை. பரிதாபமாகக் கேட்டார். அதுதான் சுருக்கென்றது.

மாடியில் காவேரி நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தாள். கீழே ஒரு மண்டியின் கம்ப்யூட்டரைப் போய்ப் பார்த்தேன். காவேரியைக் காணவில்லை, காவேரியைக் காணவில்லை என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தது. அந்தத் தெருவில் இருக்கிற ஒவ்வொரு பில் மிஷினும் அவளைப் பேர் சொல்லித்தான் கூப்பிடுகிறது. சுமதியை அதில் எதற்கும் தெரியாது. ரேகாவைக் கூப்பிடவா என்று ஒரு நிமிஷம் யோசித்தேன். என்னவென்று சொல்வது? பொறாமையில் பேரை மாற்றிவிட்டேன் என்றா?

மாடியேறிப் போய், என் பேரை எடுத்துவிட்டு, என் கையாலேயே அவள் பேரைத் திரும்ப அடித்தேன். கீழேயிருந்து, "வந்துருச்சு, வந்துருச்சு!" என்று சத்தம் கேட்டது. நான் அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதேன்.

முனிரத்தினம் அண்ணன் படியேறி வந்து பார்த்தார். "மொத லாட்டு தக்காளிக்கு மட்டும் பில்லக் கையால எழுதிட்டேன். ஏலம் நிக்கல. நின்னதா நான் யார்கிட்டயும் சொல்லமாட்டேன்," என்றார். தை பிறந்ததும் ஓசூர்க்காரர்களுக்கு வேண்டாம் என்று அவரே சொல்லிவிட்டார். அறைச்சாவி இப்போது என் முந்தானையில் இருக்கிறது. கேட்க உங்களுக்குச் சந்தோஷமாக இருக்கிறதா?

ஆனால் நான் இந்தக் கடிதம் எழுதுவது அதற்காக இல்லை. ஒருநாள் ரேகா, "உள்ள யார் யார் இருக்காங்கன்னு எப்பவும் பாத்துக்கணும்," என்று ஒரு கட்டளை சொல்லிக்கொடுத்தார். அடித்தேன். இரண்டு வரி வந்தது. ஒன்று நான். இன்னொன்று நீங்கள்.

நான் எப்போதோ உங்கள் பேரில் போனதை மூடாமல் விட்டுவிட்டேன் என்றுதான் முதலில் நினைத்தேன். பக்கத்தில் தேதி இருந்தது. நீங்கள் டீ குடிக்கக் கீழே போன அந்தக் காலை. அவள் எதிரே உட்கார்ந்து உள்ளே போனவர், இதோ வருகிறேன் என்று திரையை மட்டும் அணைத்துவிட்டு எழுந்திருக்கிறீர்கள். அதற்குப் பிறகு அவளை யாரும் நிறுத்தவே இல்லை. அதனால் அவளைப் பொறுத்தவரை நீங்கள் இன்னும் வெளியே போகவே இல்லை.

ரேகாவிடம் சொன்னேன். போனில் அந்த அம்மா விசும்புவது கேட்டது. எனக்கு அதுவும் பொறுக்கவில்லை. அழ வேண்டியவள் நான் இல்லையா?

காரியத்தன்று என் பூவை எடுத்தார்கள். பொட்டை அழித்தார்கள். என்னைப் பிடித்து உட்காரவைத்து வளையலை உடைத்தவள் யாரென்றுகூட எனக்குத் தெரியாது, உங்கள் ஒன்றுவிட்ட அத்தை வழியில் யாரோ. காவேரியிடம் போய் யாரும் எதுவும் சொல்லவில்லை. நான் அறுத்துவிட்டு நிற்கிறேன், அவள் மட்டும் சுமங்கலியாகக் கொலுவிருக்கிறாள். மாமா, இந்த உலகத்தில் இதற்கு மேல் ஒரு பொறாமை ஒருத்திக்கு வருமா? ஒரே ஒரு வரி அடித்தால் உங்களை வெளியே அனுப்பிவிடலாம். அடித்தும் விட்டேன். எண்டர் மட்டும் தட்டவில்லை. ஓர் எழுத்து ஓர் எழுத்தாக அழித்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

அதிலிருந்து தினமும் அறைக்குப் போனதும் அந்தக் கட்டளையைத்தான் முதலில் அடிக்கிறேன். நீங்கள் இருக்கிறீர்களா என்று பார்க்கிறேன். இருக்கிறீர்கள். அப்புறம்தான் மற்ற வேலை.

இப்போது பிரச்சினை என்னவென்றால், அவளுக்குக் கரண்ட் கொடுக்கிற யூ.பி.எஸ். பேட்டரி உப்பிப்போய்விட்டது. இப்படியே விட்டால் ஏதாவது ஒரு ஏலத்தின் நடுவில் அவள் மொத்தமாகப் படுத்துவிடுவாள். வருகிற அமாவாசைக்கு மண்டி லீவு. அன்றைக்கு அவளை அணைத்துவிட்டுப் பேட்டரியை மாற்றியே தீர வேண்டும். அணைத்தால் நீங்கள் போய்விடுவீர்கள்.

"பேட்டரிக்காரன் வந்து அவனே சுச்சு ஆஃப் பண்ணிட்டு மாத்திக்குவான். நீ எதுக்கு அலையற? வூட்ல இரு," என்றார் முனிரத்தினம் அண்ணன். முடியாது என்றேன். அத்தையிடம் மட்டும் காரணத்தைச் சொன்னேன். அவர் என் தலையைத் தடவினார்.

உங்களுக்கு வாக்குக் கொடுக்கிறேன் மாமா. யார் யாரோ வந்து எனக்குச் செய்ததை அவளுக்குச் செய்ய விடமாட்டேன். நானே போவேன். உங்களை நானே வழியனுப்பிவிட்டு, அவளை மெதுவாக நிறுத்துவேன். மின்விசிறி ஓய்கிற வரைக்கும் அவள் மேல் கை வைத்துக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பேன். "அவரு போயிட்டாருடி" என்று நான்தான் அவளுக்குச் சொல்வேன்.

இப்படிக்கு,
உங்கள் மூத்த சம்சாரம்,
சுமதி