மண்டபத்துக்குக் கொண்டுவரப்படாதவன்

மதகடிப்பட்டில் இன்று ஒரு மறியல். கைதானவர்களை வழக்கம்போலக் கல்யாண மண்டபத்தில் வைத்திருந்தார்கள். செய்தி எடுக்கப் போனேன். வாசலிலேயே தக்காளி சாதத்தின் வாசனை. "ஊறுகா இல்லியா இன்ஸ்பெக்டரே? இன்னா அரெஸ்ட்டுபா இது!" என்று ஒரு கட்சிக்காரர் கேட்க, போலீஸ்காரர்களும் சேர்ந்து சிரித்தார்கள். உன் நினைவு வந்துவிட்டது.

நம் பக்கத்தில் கைது என்றால் இதுதான் முறை. காலையில் கோஷம், மதியம் பொட்டலம், மாலையில் விடுதலை. நீயும் அதை நம்பினாய். வில்லியனூர் கல்வி அலுவலகத்துக்கு முன்னால் உட்காரப் போன அன்று, "பொம்பளைங்ககிட்ட சொல்லிட்டேன் ரிப்போர்ட்டரு. மத்தியானம் சோறு போடுவாங்க, வெளக்கு வைக்கறதுக்குள்ள வூட்டுக்கு வந்துடுவோம்னு" என்று சிரித்தாய்.

நீங்கள் கேட்டது பெரிய விஷயம் இல்லை. நரிக்குறவர் பிள்ளைகள் வீட்டில் பேசுவது வாக்ரி. அந்த மொழி தெரிந்த ஓர் உதவியாளர் முதல் வகுப்பில் வேண்டும், அவ்வளவுதான். உன் மூத்த மகள் வெளியே போக வேண்டும் என்று தன் மொழியில் கேட்டு, யாருக்கும் புரியாமல், உட்கார்ந்த இடத்தையே நனைத்து, அடி வாங்கி, அன்றோடு பள்ளியை விட்டு நின்றவள். அடுத்து சின்னவள் சேர வேண்டும். "இதுவும் பாசிமணி கோக்க வேணாம்" என்றாய். ஊரையே சாமி, சாமி என்று கூப்பிட்டு ஊசி பாசி விற்ற நீ, என்னை ஒருநாளும் சாமி என்றதில்லை. அது எனக்குப் பிடிக்கும்.

ஆதரவு தர வந்து உங்களோடு உட்கார்ந்த சங்கத் தலைவர்களை வேனில் ஏற்றினார்கள். உங்கள் ஆண்களை மட்டும் தனியாகப் பிரித்து ஜீப்பில் ஏற்றினார்கள். மண்டபத்தில் உன்னைத் தேடினேன், இல்லை. ஸ்டேஷனுக்கு ஓடினேன். உங்களைச் சுவரோரம் குந்த வைத்திருந்தார்கள். உன் விரல்களில் கைரேகை எடுத்த மை.

"இவங்களும் மறியல்ல இருந்தவங்கதான சார்?" என்றேன்.

"இவங்க விஷயம் வேற சார். பழைய திருட்டு கேஸ் நெறைய பெண்டிங்" என்றார் அதிகாரி. "எழுத்தே இல்லாத பாஷை. அதுக்கு ஒரு வாத்தியாரு வேற கேக்குதா இதுங்களுக்கு?"

நீ குந்தியபடியே தலை நிமிர்ந்தாய். "வாத்தியாருதான் சார் கேட்டோம். அதுல உங்களுக்கு இன்னா திருடு போச்சு?"

அறை விழுந்தது. என் கண் முன்னால் விழுந்தது.

மாலையில் தலைவர்கள் விடுதலையானார்கள், வாசலில் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். உன்னை ஒரு மோட்டார் திருட்டில் சேர்த்து ரிமாண்ட் செய்தார்கள். அந்த மோட்டார் காணாமல் போன சமயம் நீ பாகூர் பக்கம் திருவிழாவில் கடை போட்டிருந்தாய் என்பதை விசாரித்து எழுதிக் கொடுத்தேன். தலைவர்கள் கைதாகி விடுதலையான செய்தியை மட்டும் பத்திரிகை போட்டது. ஜாமீனில் வந்தபோது இருமலோடு வந்தாய். அது உன்னைக் கொண்டுபோகும்வரை விடவில்லை. உன் சாவுக்கு அதே தலைவர்கள் மாலையோடு வந்து தாய்மொழியின் பெருமையைப் பேசினார்கள். அந்த மைக்கைப் பிடுங்கி எறியாமல் எப்படி நின்றேன் என்று தெரியவில்லை.

போன வாரம் பள்ளிக்குப் போய், உதவியாளர் போட்டார்களா என்று கேட்டேன்.

"அந்தப் பிள்ளைங்களே வர்றதில்ல சார். அப்புறம் யாருக்கு உதவியாளர்?" என்றார் தலைமை ஆசிரியை. கனிவாகத்தான் சொன்னார். அந்தக் கனிவில்தான் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

வெளியே, பள்ளியின் கேட்டுக் கம்பியைப் பிடித்தபடி உன் சின்ன மகள் நின்றாள். சேர்த்துவிட நீ இல்லாததால் இன்னும் சேராதவள். என்னை அடையாளம் கண்டு உங்கள் மொழியில் ஏதோ கேட்டாள். அடுத்தவர் சொல்வதைக் கேட்டு எழுதியே வயசானவன் நான். ஒரு சொல்லும் விளங்கவில்லை. கொஞ்ச நேரம் என் வாயையே பார்த்திருந்துவிட்டு அவள் திரும்பி நடந்தாள்.

அவள் என்ன கேட்டாள் என்பது எனக்குத் தெரியாது. அதைத்தான் சுமந்துகொண்டு திரிகிறேன்.